தோற்கிற ஊரில் ஏன் நிற்க வேண்டும்?

அருப்புக்கோட்டையில் மாணவர்களோடு நாம் பேசும் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "விடுதலைச் சிறுத்தைகள் கட்சி வட மாவட்டங்களில் ஜெயிக்கிறது. இந்தப் பக்கம் நின்றால் டெபாசிட்கூடத் தேறாது. பணத்தையும் ஆளையும் அங்கேயே செலவு செய்யலாமே, இங்கே எதற்கு?" கேட்பவர்கள் எதிரிகள் அல்லர். கொடிக்கம்பம் நட்டதற்காக வழக்கு வாங்கியவர்கள். எனவே இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்காமல் வரலாற்றை வைத்துப் பதில் தேடுவோம்.

முதலில் கேள்வியில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்வோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி இரண்டுமே பொதுத் தொகுதிகள். போட்டி பெரிய கட்சிகளுக்குள்தான். கூட்டணிப் பேச்சுவார்த்தையில் சிறுத்தைகளுக்கு ஒதுக்கப்படும் இடங்களும் இந்தப் பக்கம் வருவதில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் கிடைத்த ஆறு தொகுதிகள் காட்டுமன்னார்கோயில், நாகப்பட்டினம், செய்யூர், திருப்போரூர், வானூர், அரக்கோணம். முதல் நான்கில் வெற்றி. ஆறில் ஒன்றுகூட மதுரைக்குத் தெற்கே இல்லை.

ஆனால் இந்த இயக்கம் எங்கே பிறந்தது? மதுரையில். மலைச்சாமி 1989இல் மறைந்த பிறகு திருமாவளவன் பொறுப்பேற்று, 1990இல் கொடியை அறிமுகப்படுத்தியது மதுரை மண்ணில்தான். தெற்கில் வேர்விட்ட இயக்கம் வடக்கில் காய்க்கிறது. அப்படியானால் வேர் இருந்த நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடலாமா?

இந்த நிலத்தில் ஓட்டு என்பது என்ன என்று 1957 சொல்லும். அப்போது நம் பகுதி பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1952இல் அருப்புக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் ஒரே நேரத்தில் வென்றவர் முத்துராமலிங்கத் தேவர். 1957 பொதுத்தேர்தலிலும் அவருக்கு இரட்டை வெற்றி. நாடாளுமன்ற இடத்தை வைத்துக்கொண்டு முதுகுளத்தூரை விட்டுக்கொடுத்தார். ஜூலையில் இடைத்தேர்தல். பார்வர்டு பிளாக் வேட்பாளர் சசிவர்ணத் தேவர் வென்றார். காங்கிரசுக்கு வாக்களித்த தேவேந்திரர் குடியிருப்புகள் மீது பகை திரும்பியது. செப்டம்பர் 10ஆம் தேதி அமைதிக் கூட்டத்தில் கலந்துகொண்ட இம்மானுவேல் சேகரன் மறுநாள் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் முதுகுளத்தூர் வட்டாரமே எரிந்தது.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் ஒன்றுதான். வாக்குப்பதிவு நாள் ஒரு நாள். வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் என்பது பல மாதங்கள் நீளும். சேரி சந்திக்க வேண்டியது அந்த மறுநாளை.

நாற்பது ஆண்டுகள் கழித்து அதே பாடம் ஊராட்சி வடிவத்தில் திரும்பி வந்தது. 1996இல் சில ஊராட்சித் தலைவர் பதவிகள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டன. மேலவளவில் முதலில் மிரட்டலால் தேர்தல் நின்றது. பிறகு வாக்குப்பெட்டிகள் தூக்கிச் செல்லப்பட்டன. கடைசியில் போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவர் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் வேறு தந்திரம். யாரும் மனு போடக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. மீறினால் வேலை கிடையாது. கட்டாயத் தேர்தல் நடந்தால் ஆதிக்கச் சாதியின் கைப்பாவையாக ஒருவரை நிறுத்தி, வென்ற கையோடு ராஜினாமா செய்ய வைப்பது. பத்தாண்டு இப்படியே ஓடியது.

ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. இருந்தும் சிறுத்தைகளின் ஆதரவோடு சிலர் திரும்பத் திரும்ப மனு போட்டார்கள். வெல்வோம் என்று நம்பியா? இல்லை. மனு போட ஓர் ஆள் இருந்த வரைதான் "அங்கே யாரும் போட்டியிட விரும்பவில்லை" என்று அரசு கையை விரிக்க முடியவில்லை. 2006 அக்டோபரில் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். அவர்கள் ஊர்ப் பெரியவர்களின் இசைவோடு வந்தவர்கள்தானே என்ற விமர்சனம் எழுந்தது. அது இருக்கட்டும். ஆனால் காலியாகக் கிடந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததற்கு, தோற்பதற்கென்றே மனு போட்டவர்களும் ஒரு காரணம்.

அண்ணல் அம்பேத்கரே 1952இல் வடக்கு பம்பாயில் தோற்றார். 1954 பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். கான்ஷிராம் 1984இல் தோற்றார், 1988 அலகாபாத் இடைத்தேர்தலில் தோற்றார், 1991இல்தான் எட்டாவாவில் வென்றார். மாயாவதி கைரானா, பிஜ்னோர், ஹரித்வார் என்று மூன்று முறை தோற்று, 1989இல் பிஜ்னோரில் வென்றார். திருமாவளவன் சிதம்பரத்தில் 1999லும் 2004லும் இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கித் தோற்றார். 2009இல் வென்றார், 2014இல் தோற்றார், 2019இல் 3,219 வாக்கில் வென்றார், 2024இல் ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். 2016இல் காட்டுமன்னார்கோயிலில் 87 வாக்கில் தோற்ற கட்சி, 2021இல் அதே தொகுதியை எடுத்தது. இன்று 'நம் கோட்டை' என்று சொல்கிற இடங்களெல்லாம் ஒரு காலத்தில் தோற்ற இடங்கள்.

இங்கே நிறுத்திவிட்டால் அது பாதி உண்மை. மறுபக்கத்தையும் பார்ப்போம். பகுஜன் சமாஜ் கட்சி தமிழ்நாட்டிலும் பல தேர்தல்களில் ஏராளமான தொகுதிகளில் நின்றது. 2009, 2014 நாடாளுமன்றத் தேர்தல்களில் அதன் வாக்கு இங்கே ஒரு விழுக்காட்டைத் தாண்டவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 2007இல் தனித்தே ஆட்சி பிடித்த கட்சி, 2024இல் ஓர் இடம்கூட இல்லாமல் நிற்கிறது. ஊருக்கு ஊர் பெயர் மட்டும் நின்றால் போதாது. பெயருக்குப் பின்னால் அமைப்பு நிற்க வேண்டும்.

சிதம்பரத்தின் கதையிலும் விலை உண்டு. 1999 தேர்தலை ஒட்டி அந்தத் தொகுதியின் சேரிகள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன. 'அடையாளப் போட்டி' என்று மேடையில் சொல்வது எளிது. அந்த அடையாளத்துக்கு ஓட்டுப் போட்ட கூலிக்காரர் மறுநாள் யார் காட்டுக்கு வேலைக்குப் போவார் என்பதுதான் கேள்வி.

இந்தச் சிக்கலைத் தேர்தல் முறையே கூர்மையாக்குகிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரத்தில் சாவடிவாரியாகக் கணக்கு வருகிறது. படிவம் 20 என்று வெளியிடவும் செய்கிறார்கள். ஒரு சேரிக்கென்று ஒரு சாவடி இருந்தால், அந்தச் சேரி யாருக்குப் போட்டது என்பது ஊருக்கே தெரியும். பல இயந்திரங்களின் வாக்கைச் சேர்த்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே முன்மொழிந்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இது நம் இயக்கங்கள் உரக்கக் கேட்க வேண்டிய கோரிக்கை.

ஆனால் அதே சாவடிக் கணக்கின் இன்னொரு முகத்தையும் பாருங்கள். வாக்குச்சாவடிக்குள் முகவரை உட்கார வைக்கும் உரிமை வேட்பாளருக்குத்தான் உண்டு. வேட்பாளர் இல்லாத கட்சிக்குச் சாவடிக்குள் நாற்காலி இல்லை. யார் பெயரில் யார் ஓட்டுப் போடுகிறார், எந்தக் கிழவியை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள் என்று பார்க்க நம் ஆள் இருக்க மாட்டார். கூட்டணிக் கட்சியின் முகவர் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். நம் ஊர்களில் அந்த முகவர் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது உங்களுக்குத் தெரியும்.

கடல் தாண்டியும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளராகவே பதிய விடவில்லை. 1963 நவம்பரில் அவர்கள் தாங்களே ஒரு மாதிரித் தேர்தல் நடத்தினார்கள். சுமார் 80,000 பேர் வாக்களித்தார்கள். அந்த வாக்கால் ஒருவரும் பதவிக்கு வரவில்லை. ஆனால் "இவர்களுக்கு ஓட்டில் அக்கறை இல்லை" என்ற பொய் அன்றோடு செத்தது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட போராட்டங்கள் இருந்தன.

ஆக, நம் பதில் இது: நிற்க வேண்டும். ஆனால் எண்ணிக்கைக்கு மறுநாளும் நம்மால் நிற்க முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு இது புதிதல்ல. மழை வருமா என்று உறுதியாகத் தெரிந்த பிறகா நம் பாட்டன்மார் விதைத்தார்கள்? அதற்காகக் குலுக்கையில் இருந்த விதையை ஒரே நாளில் கொட்டித் தீர்க்கவும் இல்லை. கண்மாய்க்குப் பக்கத்துக் காட்டில் முதலில் விதைத்தார்கள்.

அந்தக் கண்மாய்ப் பக்கத்துக் காடு உள்ளாட்சித் தேர்தல்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஒன்றியங்களின் கவுன்சிலர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடக்கிறது. ஒரு ஒன்றிய வார்டு என்பது சைக்கிளில் சுற்றி வரக்கூடிய தூரம். அங்கே வாங்கும் ஐநூறு வாக்கு, சட்டமன்றத் தொகுதியில் சிதறிப்போகும் ஐயாயிரத்தைவிட உறுதியானது. அதற்கு மூன்று வேலைகள் வேண்டும். ஒவ்வொரு சாவடிக்கும் பயிற்சி பெற்ற முகவர் ஒருவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவராவது தொலைபேசித் தூரத்தில். தேர்தல் முடிந்து ஆறு மாதத்துக்கு ஒவ்வொரு ஊருக்கும் வாரம் ஒருமுறை போய்வரும் தோழர்கள். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் வேட்பாளரை மட்டும் நிறுத்துவது, மக்களை முன்னே தள்ளிவிட்டு நாம் பின்னால் நிற்பது.

தோழர்களே, கேள்வியை இனி இப்படித் திருப்பிக் கேளுங்கள். "இங்கே ஜெயிப்போமா?" என்பதை விடுங்கள். "தோற்ற மறுநாள் காலையில் நம் ஆள் இந்தத் தெருவில் இருப்பாரா?" என்று கேளுங்கள். இருப்பார் என்றால் மனு போடுங்கள். இருக்க மாட்டார் என்றால் முதலில் அந்த ஆளை உருவாக்குங்கள். அடுத்த தேர்தலுக்கு நமக்கு இருக்கும் வேலை அதுதான்.