நெய்வேலி நிலக்கரியும் நிரல்களின் மின்கணக்கும்

முன்னுரை
சுரங்கத்தில் டன், மின்நிலையத்தில் மெகாவாட், இல்லத்தில் யூனிட் எனக் கடலூர் மாவட்டம் ஆற்றலைப் பலவாறு அளந்துள்ளது. கணிப்பொறியில் இயங்கும் தனி நிரலின் மின்செலவை அளக்கும் முறையோ மிகப் பிற்பட்டது. அதன் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

நெய்வேலியின் அளவை
1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. சோவியத் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் இயங்கியது. 1970இல் அதன் திறன் 600 மெகாவாட் ஆயிற்று. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. சிதம்பரத்தில் ஓர் ஆய்வாளரின் கணிப்பொறி 200 வாட் வீதம் ஐந்து மணிநேரம் இயங்கின் செலவாவது ஒரு யூனிட். அது நெய்வேலி மின்சாரமாயின், ஒரு கிலோ நிலக்கரி அக்கணிப்பின் விலையாகும்.

நிரலின் அளவை
மின்மானி கணிப்பொறி முழுமையின் செலவையே காட்டும். 2011இல் இன்டெல் நிறுவனம் தன் சாண்டி பிரிட்ஜ் செயலிகளில் ‘ராப்பிள்’ எனும் ஆற்றல் எண்ணியை அமைத்தது. ஏறத்தாழ ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும். எனினும் அதுவும் செயலி முழுமைக்கும் உரியதே. ஒவ்வொரு நிரலும் கொண்ட செயலி நேரத்திற்கேற்ப அத்தொகையைப் பகிர்ந்தே தனிக்கணக்குப் பெறப்படுகிறது. ஆகவே அது நேரடி அளவீடன்று, மதிப்பீடேயாகும். இவ்வெண்ணியின் வழி மறைகுறியீட்டுத் திறவுகோல்களை அறியலாம் என்பதை 2020இல் ‘பிளாட்டிபஸ்’ ஆய்வு மெய்ப்பித்தது. அதன்பின் லினக்ஸில் அதனைப் படிக்கும் உரிமை நிர்வாகிக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது.

முடிவுரை
நிரலின் மின்செலவைக் கூறும் ஆய்வேடுகள் பகிர்வு முறையையும், மின்மானி காட்டிய மொத்த அளவையும் உடன் தருதல் வேண்டும். அன்றேல் ஒரு நிரலின் சிக்கனம் மற்றொன்றின் கணக்கில் மறைந்துவிடும்.