ஆயர்

'ஆ' என்றால் பசு. அதை மேய்ப்பவர் ஆயர். சங்க இலக்கியத்தில் முல்லை நில மக்கள். 'பாஸ்டர்' என்ற லத்தீன் சொல்லுக்கும் மேய்ப்பர் என்பதே பொருள்.

நரசிம்மரால் பெயர்பெற்ற ஊரான சிங்கப்பெருமாள் கோவிலில், மார்கழி விடியலில் திருப்பாவை ஓதுவோருக்கு ஆயர் என்றால் கண்ணன் வளர்ந்த குலம். அதே மார்கழியில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு வேறு ஆள். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. கத்தோலிக்கரிடம் ஆயர் என்பவர் பிஷப், மணம் செய்துகொள்ளாதவர். அந்த ஊரும் அடங்கிய, 2002இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டம் முழுமைக்கும் ஒருவர். தென்னிந்தியத் திருச்சபையிலோ ஆயர் உள்ளூர்ச் சபையின் போதகர். பெரும்பாலும் மனைவி மக்களோடு குடும்பம் நடத்துபவர். அங்கே பிஷப்புக்குப் பெயர் பேராயர். கத்தோலிக்கரின் பேராயர் பிஷப்புக்கும் ஒரு படி மேல்.

கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களே, எந்தச் சபை என்று கேட்டுவிட்டு 'ஆயர்' என்று அச்சுக்கோருங்கள்.