உதிரப்பட்டி

ஊருக்காகச் சண்டையிட்டு மாண்டவரின் குடும்பத்துக்குப் பண்டைத் தமிழகத்தில் விடப்பட்ட மானிய நிலம் உதிரப்பட்டி. கல்வெட்டுகளில் நெய்த்தோர்பட்டி என்றும் வரும். நெய்த்தோர் என்றாலும் குருதிதான். ஒருவர் சிந்திய இரத்தத்தில் மற்றவர்கள் நலமாக வாழலாமா என்ற கேள்விக்கு அன்றைய ஊர்கள் நிலத்தை அளந்து கொடுத்துப் பதில் சொல்லின.

இதன் பின்னணியை அறிய ஜவ்வாது மலையை ஒட்டிய செங்கம் வட்டார நடுகற்களைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இவற்றைத் தொகுத்து ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. பல்லவர் காலத்தில் இங்கே மாடுதான் செல்வம். மந்தைக்குத் ‘தொறு’ என்று பெயர். இரவோடிரவாகத் தொறு பறிபோனால் பாலும் போகும், உழவும் போகும். அதை மீட்க ஓடியவர்களில் சிலர் திரும்பவில்லை. ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று கல்லில் எழுதி நட்டார்கள்.

எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் உருவம் அதில் இருக்கிறது. அவனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதையும் வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். நாய்க்குப் பட்ட கடனைக்கூட அந்த ஊர் மறைக்கவில்லை. இத்தகைய நடுகற்கள் பலவற்றுக்கு இப்பகுதி மக்கள் இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வைக்கிறார்கள்.

ஒருவர் துயரில் மற்றவர்கள் வாழலாமா என்ற அதே கேள்வி எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1973இல் வெளியிட்ட சிறுகதையொன்றிலும் எழுகிறது. அதில் ஒரு நகரத்தின் மகிழ்ச்சி முழுவதும் நிலவறையில் அடைபட்ட ஒரு குழந்தையின் வதையால் நிலைக்கிறது. அந்தக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நடுகல் வீரன் தானாக ஓடினான் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கற்களில் பலர் இன்னாருடைய சேவகன், இன்னாருடைய இளமகன் என்றே குறிக்கப்படுகிறார்கள். தலைவன் ஏவும்போது சேவகன் மறுத்திருக்க முடியுமா? நிலம் கொடுத்ததால் அந்த உயிரிழப்பு நியாயமாகிவிடாது. ஆயினும் யாருடைய சாவில் தாங்கள் பிழைத்தோம் என்பதை ஊரார் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டார்கள்.

அதே ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களின் சாவுகள் இக்காலத்திலும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில், ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்தவரான இவர்களில் ஜவ்வாது மலையின் பழங்குடியினரும் இருந்தனர். தாக்க வந்ததால் சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்து வைத்துக் கொன்றார்கள் என்றனர் மனித உரிமை அமைப்பினர்.

செம்மரம் உலகில் தென்கிழக்கு இந்தியாவின் சிறு பரப்பில் மட்டும் இயற்கையாக வளர்வது. அழியும் நிலையிலுள்ள அதைக் காப்பது பொதுநன்மைதான், அதில் ஐயமில்லை. ஆனால் கட்டை சீனாவில் விலையுயர்ந்த மரச்சாமானாகிறது, லாபம் கடத்தல் முதலாளிக்குப் போகிறது, குண்டு மட்டும் கூலிக்குக் கோடரி பிடித்தவன் மார்பில் பாய்கிறது. சாமையும் தேனும் புளியும் வயிற்றுக்குப் போதாமல் இடைத்தரகர் பேச்சை நம்பி மலையிறங்கியவன் அவன். அவனுக்குப் பழைய ஊர்களைப் போல் கடன்பட்டிருப்பதாக ஒப்புக்கொள்ள மரத்தை வாங்கியவர்களும் வரவில்லை, காட்டைக் காத்தவர்களும் வரவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் வழங்கவும், வழக்கை சிபிஐ விசாரிக்கவும் தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது.