பரணில் கிடைத்த கேசட்

இந்த ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்தபோது, பரணில் இருந்த தகரப் பெட்டியில் என் மகனின் பழைய வீடியோ கேம் கிடைத்தது. கூடவே ஒரு மஞ்சள் கேசட். அது எங்களுடையது அல்ல. எங்கள் கோவில்பத்துத் தெருவில் இருந்த ஒரு சொல்தா வீட்டுப் பையனுடையது. விளையாடத் தந்தவன், குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டான். கேசட் இங்கேயே தங்கிவிட்டது.

அந்த கேம் பெட்டியின் பூர்வீகம் ஜப்பான். நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஃபேமிகாம் என்ற பெயரில் வெளியிட்டதைப் பார்த்துச் செய்த நகல்களே தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்தன. ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று அட்டையில் போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்து இருபதுதான் திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் பிள்ளைகள் கேசட்டை வாயால் ஊதிச் செருகுவார்கள். உண்மையில் ஊதியதால் பயனில்லை. கழற்றி மறுபடி மாட்டியதில்தான் முனைகள் சரியாகப் பொருந்தின. எச்சில் ஈரம் அந்த முனைகளுக்குக் கெடுதல் என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

ஒரு வீட்டில் வாங்கினால் தெருவே விளையாடியது. கேசட்டை மாற்றிக்கொண்டார்கள், இரவல் கொடுத்தார்கள், சண்டையும் போட்டார்கள்.

பிறகு வெளிநாடுகளில் கேசட் போய்த் தட்டு வந்தது. 2003-இல் ஸ்டீம் என்ற இணையக் கடை தொடங்கியது. 2020 நவம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது, தட்டு போடும் இடமே இல்லாத ஒரு வகையும் சேர்ந்து வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தட்டைப் பார்க்கவே இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானதும், கேசட்டிலிருந்து நேரே செல்போனுக்குத் தாவிவிட்டார்கள்.

என் பேரனும் அப்படித்தான். பப்ஜி ஆட்டத்தில் வரும் வீரனுக்குச் சட்டை, தொப்பி வாங்க, நான் தீபாவளிக்குக் கொடுத்த பணத்தைச் செலவழித்திருந்தான். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜியும் அதில் ஒன்று. அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியாவில் ஆட்டம் முழுதும் நின்றது. "காசு குடுத்து வாங்குனதுதானே தாத்தா, எப்படி எடுத்துக்குவாங்க?" என்று கேட்டான். தடை சரியா தவறா என்பது வேறு விஷயம். அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறு ஆண்டு ஜூலையில் அது வேறு பெயரில் வந்தது. பழைய கணக்கை மாற்றிக்கொள்ளவும் வழி தந்தார்கள். 2022 ஜூலையில் அதுவும் கடையிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. வருவதும் போவதும் வாங்கியவன் கையில் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இதற்கென்றே சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1 முதல், விற்பது பயன்படுத்தும் உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று போடக்கூடாது. என் பேரனின் கேள்விக்கு அதுதான் பதில். அவன் வாங்கவே இல்லை.

ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மஞ்சள் கேசட்டும் திருட்டு நகல்தான். ஆட்டத்தை உருவாக்கியவருக்கு ஒரு பைசா போயிருக்காது. ஆனாலும் தெருப் பிள்ளைகளுக்குள் அது ஒருவனுடைய பொருளாகவே இருந்தது. அதனால்தான் திருப்பித் தரவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மாங்கனி இறைப்பைப் பார்க்க அந்தப் பையன் பாரிசிலிருந்து வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. புது அடாப்டர் வாங்கி, பழைய டிவியில் மாட்டினோம். மூன்றாம் தடவை படம் வந்தது. என் மகனும் அவரும் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளையாடினார்கள். பேரன் அடுத்த முறை தனக்கு வேண்டும் என்று வரிசையில் நின்றான். கிளம்பும்போது கேசட்டைக் கொடுத்தேன். "இருக்கட்டும் மாமா, தம்பி ஆடட்டும்" என்று பேரன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் யாருடைய கேசட்டாவது இருக்கும். ஒருமுறை பாருங்கள்.