குறுஞ்செய்தி வளர்ந்த வரலாறு

செய்தி அனுப்பும் கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதனைப் பெறும் கருவியும் அதற்கேற்றதாய் அமைந்தாலன்றிப் பயன் விளையாது. குறுஞ்செய்தியின் வரலாறு இவ்வுண்மைக்கு நல்ல சான்றாகும்.

1992ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் நாள், இங்கிலாந்தில் நீல் பாப்வேர்த் என்னும் இளம் பொறியியலாளர் தமது கணினியிலிருந்து நத்தார் வாழ்த்தொன்றை அனுப்பினார். வொடபோன் கம்பனியைச் சேர்ந்த ரிச்சட் ஜார்விஸ் என்பவரின் கையடக்கத் தொலைபேசி அதனைப் பெற்றது. உலகின் முதற் குறுஞ்செய்தி அதுவே. ஆயினும், அத்தொலைபேசியில் எழுதி அனுப்பும் வசதி இல்லாமையாற் பெற்றவர் மறுமொழி அனுப்ப இயலவில்லை. எனவே, ‘இக்கருவி இதனைச் செய்யவல்லதா?’ என்னும் வினாவும் குறுஞ்செய்தியும் ஒரே நாளிற் பிறந்தன எனலாம்.

குறுஞ்செய்தியின் அளவு அதற்கு முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. 1985இல் ஜேர்மனியரான பிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் பல வாக்கியங்களைத் தட்டச்சிட்டு எண்ணிப்பார்த்து, 160 எழுத்துகள் போதுமெனக் கண்டார். அழைப்புகளை ஒழுங்குசெய்யும் சிறு வழியிலேயே செய்தியும் செல்லவேண்டியிருந்தது. அதன் கொள்ளளவு 1120 பிட் மட்டுமே. ஆங்கில எழுத்தொன்றுக்கு 7 பிட் போதுமாகையால் 160 எழுத்துகள் அடங்கின. தமிழுக்கோ ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும். ஆகவே 70 குறிகளே அடங்கும். உயிர்மெய்யின் துணைக்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், ‘கொழும்பு’ என்னும் நான்கெழுத்துச் சொல் எட்டு இடங்களைக் கொள்கின்றது. நீண்ட தமிழ்ச் செய்தி இதனாலேயே பல துண்டுகளாகப் பிரிந்து செல்கின்றது.

அளவு மட்டுமன்றிக் கம்பனிகளுக்கிடையே நின்ற மதிலும் தடையாயிற்று. இங்கிலாந்தில் 1999 வரை ஒரு கம்பனியின் வாடிக்கையாளர் மற்றொரு கம்பனியின் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப இயலாதிருந்தது. மதில் நீங்கிய பின்னரே குறுஞ்செய்தி பெருவழக்காயிற்று.

இக்குறைகளைப் போக்க 2007இல் முயற்சி தொடங்கியது. அதன் பயனே ஆர்.சி.எஸ். எனப்படும் விரிந்த செய்திமுறை. இது இணையவழியாகச் செல்வதால் நீண்ட எழுத்தையும் தெளிவான படங்களையும் கொண்டுசெல்லும். செய்தி வாசிக்கப்பட்டதையும் அறிவிக்கும். எனினும் பழைய மதில் மீண்டும் எழுந்தது. கம்பனிகள் யாவும் ஏற்கத்தக்க பொது வரையறை 2016இலேயே வெளிவந்தது. 2019இல் கூகிள் இச்சேவையைத் தானே வழங்கத் தொடங்கியது. அப்பிள் 2024 செப்டெம்பரிலேயே, ஐ.ஓ.எஸ். 18உடன், இதனை ஏற்றுக்கொண்டது.

தமது திறன்பேசி இம்முறைக்கு ஏற்றதா என அறிய விரும்புவோர் அன்ரொயிட் கருவியிற் கூகிளின் ‘மெசேஜஸ்’ செயலியைத் திறந்து, மேலேயுள்ள தம் படத்தைத் தொட்டு, அமைப்புகளில் ஆர்.சி.எஸ். பகுதியை நோக்குதல் வேண்டும். ‘இணைக்கப்பட்டது’ என்னும் பொருள்படும் சொல் அங்கு காணப்படின் சேவை இயங்குகின்றது. ஐபோனில் ஐ.ஓ.எஸ். 18 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வேண்டும். அமைப்புகளிற் செய்திகளுக்குரிய பகுதியில் ஆர்.சி.எஸ். என்னும் தெரிவு இருத்தல் வேண்டும். அது காணப்படாவிடின், தொலைபேசிக் கம்பனி அச்சேவையை வழங்காதிருக்கலாம்.

எனினும், இச்சோதனை பாதி விடையையே தரும். மறுமுனையிலுள்ளவரின் கருவி இம்முறையில் இணைந்திராவிடின், செய்தி பழைய குறுஞ்செய்தியாகவே செல்லக்கூடும், கட்டணமும் அறவிடப்படலாம். அனுப்புவோரும் பெறுவோரும் அன்றிப் பிறர் வாசிக்கவியலாத மறைகாப்பு பழைய முறையில் இல்லை. ஆர்.சி.எஸ். வழியிலும் அக்காப்பு எல்லா உரையாடல்களுக்கும் உண்டெனக் கொள்ளுதல் தவறு. ஆகையால் நோய், பணம், குடும்பம் பற்றிய அந்தரங்கங்களை எழுதுவோர், எழுதும் கட்டத்தில் எம்முறை குறிக்கப்பட்டுள்ளது என்பதையும், பூட்டுக்குறி உண்டா என்பதையும் நோக்கிய பின்னரே அனுப்புதல் நன்று. 1992இல் மறுமொழி அனுப்ப இயலாத கருவி கற்பித்த பாடமும் இதுவே: செய்தியின் வலிமை இருமுனைகளையும் பொறுத்தது.