கற்றுக்கொள்ளவில்லை என்றால் யார் தவறு? – தொழிற்பயிற்சிப் பாடக்குறிப்பின் கதை

நன்றாக வேலை தெரிந்தவருக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. கை தானாகவே செய்துவிடுவதை வாயால் எப்படிச் சொல்வது? "கூடவே இரு, பார்த்துக் கத்துக்கோ" என்பதுதான் உலகம் முழுவதும் பட்டறைகளில் இருந்த ஒரே பாடமுறை. எடுபிடி வேலை செய்து, திட்டு வாங்கி, தொழிலைத் திருடாத குறையாகக் கற்றுக்கொள்ளப் பல வருடங்கள் ஆகும்.

இதை மாற்ற முயன்றவர்களில் முக்கியமானவர் ரஷ்யாவின் விக்டர் டெல்லா வாஸ். மாஸ்கோ இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியின் இயக்குநரான இவர், 1868 வாக்கில் ஒரு புதிய ஏற்பாடு செய்தார். பொருள் தயாரிக்கும் பட்டறை வேறு, பாடம் நடத்தும் பட்டறை வேறு. தச்சு வேலை என்றால் மேஜை, நாற்காலி செய்யச் சொல்லமாட்டார்கள். அறுப்பது, இழைப்பது, இணைப்பு போடுவது என்று வேலையைப் பிரித்து, சுலபமானதில் ஆரம்பித்துக் கடினமானதில் முடியும்படி வரிசைப்படுத்தினார்கள். இதனால் ஒரே ஆசிரியர் பல மாணவர்களுக்கு ஒரே நேரத்தில் பாடம் நடத்த முடிந்தது. 1876 பிலடெல்ஃபியா கண்காட்சியில் இந்த மாணவர்களின் பயிற்சி மாதிரிகளைப் பார்த்த ஜான் ரங்கிள் (அப்போது எம்.ஐ.டி.யின் தலைவர்) அசந்துபோய், அதே ஆண்டு தன் கல்லூரியிலும் இந்த முறையைக் கொண்டுவந்தார்.

ஆனால் இதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் நடந்த மாற்றம். தொழிற்சாலைக்குள் வேகமாக ஆள் தயாரிக்க வேண்டிய கட்டாயம் வந்தது போரால்தான்.

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. கப்பல்கள் வேண்டும், கட்டத் தெரிந்த ஆட்கள் போதாது. கப்பல் கட்டும் தளங்களில் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு சார்லஸ் ஆலன் என்பவரிடம் வந்தது. அவர் நேராகப் புதிய தொழிலாளர்களிடம் போகவில்லை. அனுபவசாலிகளைப் பிடித்து, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொடுத்தார்! கையாண்டது நான்கு படிகள். முதலில் கற்பவனின் மனதைத் தயார் செய்வது, அதாவது அவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று பார்த்து அதிலிருந்து ஆரம்பிப்பது. அடுத்து வேலையைச் செய்து காட்டி விளக்குவது. பிறகு அவனையே செய்யவைப்பது. கடைசியாக உதவி இல்லாமல் செய்கிறானா என்று சோதிப்பது. ஜெர்மானியத் தத்துவஞானி ஹெர்பார்ட்டின் வழிவந்த பாடமுறையைப் பட்டறைக்குத் தகுந்தபடி சுருக்கியது போன்றது இது. 1919-ல் தன் அனுபவங்களை ஆலன் புத்தகமாகவும் எழுதினார்.

போர் முடிந்தது, அவசரமும் போனது. அடுத்த போரில் அதே பிரச்சினை மறுபடியும். 1940-ல் டி.டபிள்யூ.ஐ. என்ற அரசு அமைப்பு (தொழிலகத்துக்குள்ளேயே பயிற்சி என்று பொருள்) உருவானது. அது சந்தித்த முதல் சவால்களில் ஒன்று, ராணுவக் கருவிகளுக்கான லென்ஸ் தேய்ப்பவர்கள் கிடைக்காதது. பல ஆண்டுகள் பழகினால்தான் வரும் என்று சொல்லப்பட்ட வேலை அது. பிரித்துப் பார்த்தபோது, அதற்குள் இருந்த பல சிறு வேலைகளைப் புதியவர்களே சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம் என்று தெரிந்தது. உண்மையான திறமை தேவைப்பட்ட பகுதி கொஞ்சம்தான்.

இதிலிருந்து வளர்ந்த வகுப்பு மொத்தம் பத்தே மணி நேரம். இரண்டிரண்டு மணியாக ஐந்து நாள். முதல் நாளில் ஒரு வேடிக்கை நடக்கும். மின்கம்பியில் போடும் ஒரு முடிச்சை எப்படிப் போடுவது என்று பயிற்சியாளர் வாயால் மட்டும் சொல்வார். வந்திருக்கும் மேஸ்திரியால் போட முடியாது. அடுத்து ஒன்றும் பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். அப்போதும் முடியாது! பிறகு நான்கு படிகளின்படி சொல்லிக்கொடுத்ததும் முடிச்சு விழுந்துவிடும். பக்கம் பக்கமாக விளக்குவதைவிட இந்த ஒரு முடிச்சு போதும். இருபது வருடம் வேலை பார்த்தவரும், தான் இத்தனை நாள் புதியவர்களைத் திட்டியது எதற்காக என்று யோசிப்பார் இல்லையா?

பாடக்குறிப்பு எழுதும் முறையும் எளிமைதான். வேலையை முக்கியப் படிகளாக உடைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் எந்த இடத்தில் பிசகினால் வேலை கெடும் அல்லது கை போகும் என்பதைத் தனியாகக் குறிக்க வேண்டும். யார், எதை, எந்தத் தேதிக்குள் கற்க வேண்டும் என்று ஓர் அட்டவணை. பாதியில் ஸ்பேனர் தேடி ஓடாதபடி கருவிகள் முன்பே தயார். கற்பவர் கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பதுதான் இவர்களின் தாரக மந்திரம். பழைய பட்டறையில் குற்றவாளி எப்போதும் மாணவன்தான். இங்கே அது தலைகீழாகிவிட்டது.

1945-ல் திட்டம் மூடப்படுவதற்குள் 16 லட்சத்துக்கும் அதிகமானோர் பயிற்சிச் சான்றிதழ் பெற்றிருந்தார்கள். பிறகு அமெரிக்கா இதைக் கிட்டத்தட்ட மறந்தே போனது. தோற்ற ஜப்பானோ பிடித்துக்கொண்டது. 1950-களில் டொயோட்டா இந்த முறையை ஏற்று, தன் உற்பத்தி முறையோடு சேர்த்துக்கொண்டது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் ஆளைத் தயார் செய்வது முதலாளிக்குத்தான் லாபம், தொழிலாளியைச் சிந்திக்கவிடாது என்று ஜான் டூயி 1915-லேயே வாதாடினார். லென்ஸின் ஒரு பகுதியை மட்டும் தேய்க்கத் தெரிந்தவருக்குப் போர் முடிந்தபின் என்ன மதிப்பு? நியாயமான கேள்வி. ஆனால் பழைய முறையில் அவருக்கு அந்த ஒரு பகுதிகூடக் கிடைத்திருக்காது என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கி, ஐ.டி.ஐ.கள் வந்தன. அங்கு ஆசிரியராகப் போகிறவர்களுக்கான பயிற்சியிலும் பாடக்குறிப்பு இதே நான்கு தலைப்புகளில்தான் எழுதப்படுகிறது. ஆயத்தம், விளக்கிக் காட்டல், செய்ய வைத்தல், சோதித்தல்... நூறு வருடத்துக்கு முன் கப்பல் தளத்து மேஸ்திரிகளுக்குச் சொன்ன அதே வரிசை!