பள்ளியின் கடமை: இரு சான்றுகள்

தன்பாலீர்ப்புடைய மாணவர்க்குப் பள்ளியில் இழைக்கப்படும் துன்பத்தைத் தடுக்கவல்லது யாது? சட்டமா, உடனிருப்போர் துணையா? அமெரிக்க நாட்டு வரலாற்றில் இதற்கு இரு சான்றுகள் உள. அவற்றை ஈண்டு ஒப்புநோக்குவாம்.

விசுகான்சின் மாநிலத்து ஆசுலாந்து நகரில் ஜேமி நபோசுனி என்னும் மாணவர், உடன்பயில்வோரால் பல்லாண்டுகள் வசையும் அடியும் உற்றார். பன்முறை முறையிட்டும் பள்ளியினர் அவரைக் காத்திலர். பிற மாணவர்க்கு அளிக்கும் காப்பை இவர்க்கு மறுத்தல் சமவுரிமைக்கு மாறாகும் என்னும் அவர் வழக்கை, 1996 சூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரணைக்கு உரியதென ஏற்றது. அவ்வாண்டு நவம்பரில் ஜூரிகள் பள்ளி நிருவாகிகளைப் பொறுப்பாளிகள் எனக் கண்டனர். 9,00,000 டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டுடன் வழக்கு முடிவுற்றது.

மாசச்சூசெட்சு மாநிலத்திலோ, இத்தகைய மாணவரைக் காக்கும் சட்டம் 1993-இலேயே எழுந்தது. அம்மாநிலப் பள்ளியொன்றில் அமெரிக்கக் கால்பந்துக் குழுவின் இணைத்தலைவராயிருந்த கோரி ஜான்சன், முதற்கண் ஆசிரியர்பாலும் பயிற்சியாளர்பாலும் தம் இயல்பைக் கூறினார். பின்னர் 1999-இல் குழுவினர்க்கு வெளிப்படுத்தினார். அவர்தம் ஆதரவைப் பெற்றுத் தலைமையிலும் தொடர்ந்தார். 2018-இல் நியூயார்க்கு நகர மன்றத்தின் அவைத்தலைவரும் ஆயினார்.

முன்னவர் பெற்றது தீங்கின் பின் வந்த நீதி. பின்னவர் பெற்றது தீங்கின் முன் நின்ற துணை. இழப்பீடு எத்துணைப் பெரிதாயினும் இழந்த பள்ளிப்பருவத்தை மீட்டுத் தாராது. ஆதலின், சட்டம் இன்றியமையாததே எனினும், மாணவன் அஞ்சாது அணுகத்தக்க ஆசிரியர் ஒருவரேனும் பள்ளிதோறும் இருத்தலே முதற் காப்பு என்பது எம் துணிபு.